மேற்குச் சுவருக்குச் செதில் பலகை அடித்த சனிக்கிழமை

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காரை விட்டு இறங்கியதும் முதலில் பார்ப்பது மேற்குச் சுவரைத்தான். வீதிப் பக்கம் நிற்பது அது. "சோக்காய் இருக்கு, ஆர் செய்தது?" என்று கேட்பார்கள். "நாங்கள்தான், எங்கடை ஆக்கள்தான்" என்று சொல்லிவிட்டு நான் விறுவிறென்று உள்ளே போய்விடுவேன். தேத்தண்ணி வைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் போவது அந்தப் பேச்சைக் கேட்க முடியாமல். அந்தச் சுவர் முடிய வேண்டும் என்பதற்காக நான் என் மனுசனுக்கு ஒரு துரோகம் செய்தேன். பெரிய சொல்தான். வேறு சொல் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

டெனிஷ் நகரமான ஒடென்சேயிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் எங்கள் ஊர் வரும். வீட்டுக்கு நூறு வயது இருக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். மற்ற மூன்று பக்கமும் செங்கல். மேற்குச் சுவர் மட்டும் கூரை முகடு வரைக்கும் மரம். அதன்மேல் கையகலச் சின்னப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல் வரிசை வரிசையாய் அடித்திருந்தார்கள். மீன் செதில் மாதிரி இருந்ததால் எங்கள் வீட்டில் அதற்குச் செதில் பலகை என்றே பெயர் விழுந்தது. நாங்கள் வாங்கும்போதே அது கறுத்து, நுனி சுருண்டு, பாசி பிடித்துப் போயிருந்தது. காற்றடித்தால் ஒன்றிரண்டு கழன்று பூங்கன்றுகளுக்குள் விழும்.

வீடு வாங்கிய புதிதில் மாமிக்கு வீடியோவில் காட்டினோம். மாமி, அதாவது இவருடைய அம்மா, யாழ்ப்பாணத்தில் இவருடைய தங்கச்சியோடு இருந்தவ. போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, உது கோழிக்கூடு மாதிரியெல்லோ கிடக்கு. கல்வீடு ஒண்டும் அம்பிடேல்லையே?" என்றா. அங்கே எல்லாரும் சிரித்தார்கள். இங்கே இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவுக் கடமை, வார இறுதிக் கடமை என்று ஓடியோடி வாங்கிய வீடு. மாமிக்கும் எனக்கும் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கோழிக்கூடு எனக்குள் முள்ளாய்த் தைத்துவிட்டது. ஒருநாள் இந்தச் சுவரைப் புதுசாக்கி இவவுக்குக் காட்டாமல் விடமாட்டேன் என்று அன்றைக்கே நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மகளின் அறை மேலே, அந்தச் சுவரோடு. அவள் ஓகூஸ் நகரத்தில் படிக்கிறாள், லீவுக்கு வந்து நிற்பாள். ஒரு ஆடியில் அலுமாரியை நகர்த்தியபோது பின்னால் சுவர் பச்சைப்பசேலென்று பூத்துக் கிடந்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு டெனிஷில் ஏதோ திட்டிவிட்டு வெளியே போய்விட்டாள். இவர், "வாற வருசம் வெயில் வரட்டும், ஆறுதலாய்ச் செய்வம்" என்றார். டெனிஷ் தச்சரைக் கூப்பிட்டோம். அவரும் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வசந்தத்துக்கு முன் நேரமில்லை என்றார். இரண்டு ஆண்கள் ஒரே கதை சொன்னால் நான் கேட்பேனா? மழைக்காலத்துக்கு முன் முடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இவருக்கு என்னோடு வாதாடத் தெம்பு இல்லை. அவருடைய சுபாவம் அப்படி, என்னுடைய சுபாவம் இப்படி.

அப்படித்தான் எங்கள் ஆட்களை வைத்தே செய்வது என்று முடிவானது. எங்கள் ஆட்கள் என்றால் இரண்டு பேர். ஒருவர் தச்சண்ணை. டோஸ்ட்ருப் என்கிற ஊரில் இருக்கிறவர், டெனிஷ்காரரோடு பல வருடம் மரவேலை செய்தவர், இவருக்கு அண்ணன் முறை மாதிரி. மற்றவன் ஓகூஸில் இருக்கும் என் தம்பி. அவனுக்குக் கணினி தவிர ஒரு வேலையும் தெரியாது, ஆனால் சாப்பாடு இருக்கிறது என்றால் எதற்கும் வருவான். புரட்டாதி மாதத்தில் ஒரு வியாழன், வெள்ளி, சனி என்று நாள் பார்த்தோம். இவர் தொழிற்சாலையில் லீவு எடுத்தார். ஏறி நின்று வேலை செய்யச் சாரக்கட்டு வாடகைக்கு வந்தது. திங்கள் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முந்தின இரண்டு ஞாயிறும் பலகை தெரிவு செய்யவும் ஆணி வாங்கவும் ஓடித் திரிந்ததில் இவர் மாமியோடு கதைக்கவில்லை. எந்த ஞாயிறும் தவறாமல் எடுக்கிற மனுசன். அதற்கும் முந்தின ஞாயிறு மாமி, "ஒருக்கா வந்து முகத்தைக் காட்டீட்டுப் போவன்" என்று கேட்டா. இவர், "சுவர் வேலை கிடக்கம்மா, தையிலை பாப்பம்" என்றார். "சுவர் பெரிசோ?" என்று மாமி கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. மாமி இப்படி ஏதாவது சொல்லுவா, இவரும் சிரித்து விட்டுவிடுவார். நானும் அதைப் பெரிதாய் எடுக்கவில்லை.

வேலை கீழிருந்து மேலே போகிற வேலை. பழசைக் கழற்றி, சுவர்ப் பலகைமேல் காற்றுப் புகாத துணி விரித்து, ரீப்பைச் சட்டங்கள் அடித்து, அதன்மேல் செதில். அடி வரிசை இரட்டை. மேல் வரிசை கீழ் வரிசையின் பொருத்துகளை மூடவேண்டும். முதல் நாள் தம்பி தன்பாட்டில் ஒரு வரிசை அடித்தான். ஒரு மயிர் நுழைய இடமில்லாமல் நெருக்கி நெருக்கி அடித்துவிட்டு, "அக்கா, பார் என்ரை வேலையை" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கும் அது வடிவாய்த்தான் பட்டது. தச்சண்ணை வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"டேய், மரம் மழைக்கு ஊதும். இடம் விடாட்டி முட்டி மோதிக் கழண்டு விழும். கழட்டு எல்லாத்தையும்."

எங்கள் ஆட்களுக்கு இடைவெளி கண்ணில் பட்டால் பொறுக்காது. வேலைக் கள்ளம் என்று நினைப்போம். தச்சண்ணை என்னிடம் ஐந்து குரோனர் நாணயம் இரண்டு வாங்கி, நடு ஓட்டையில் நூல் கோத்து, தம்பியின் கழுத்தில் தாலி மாதிரிக் கட்டிவிட்டார். "ரெண்டு காசின்ரை மொத்தம் இடம் விடோணும், விளங்கிச்சோ? நெருக்கினால் தாலியை அறுத்துப் போடுவன்." மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள். இவர் அப்படிச் சிரித்து நான் கண்டு எத்தனையோ நாள்.

வெள்ளி மாலை முக்கால்வாசிச் சுவர் முடிந்தது. மேல் முக்கோணத்தைக் கழற்றியபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. மகளின் அறைக்கு நேரே சுவர்ப் பலகையே உக்கிப் போயிருந்தது. விரலால் குத்தினால் உள்ளே போனது. அதையும் பிடுங்கினார்கள். குளிருக்கு அடைத்த பழைய பஞ்சு வெளியே தெரிந்தது. சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு மேல்காற்றோடு மழை என்று போன் சொன்னது. "அதுக்குள்ளை முடிச்சிடுவம் தங்கச்சி, நீர் பயப்பிடாதையும்" என்றார் தச்சண்ணை.

சனி காலை ஏழு மணிக்கே ஏறிவிட்டார்கள். எனக்கு அடுக்களை. கடைசி நாள் என்றபடியால் ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, ரசம். இறைச்சியை வெட்டிக் கழுவி உப்புப் புளி போட்டு வைத்துவிட்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். பத்தரை மணிக்குப் போன் அடித்தது. இவருடைய தங்கச்சி, என் மச்சாள். வீடியோ.

"அண்ணி, அண்ணை எங்கை? அடிச்சன், எடுக்கிறார் இல்லை. அம்மாவுக்கு விடியப்பறம் ஏலாமல் போட்டுது. ஆஸ்பத்திரியிலை நிக்கிறம். பெரியவன் எங்கை, பெரியவன் எங்கை எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறா. கெதியாய்ப் போனைக் குடுங்கோ."

இரண்டு தரம் முன்னமும் இப்படி நடந்திருந்தது. அம்மா சாகக் கிடக்கிறா என்று அழைப்பு வந்து, இவர் விழுந்தடித்துக்கொண்டு பறந்து போக, மாமி கட்டிலில் இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. இது மூன்றாம் தரம், இதுவும் அப்படித்தான் என்று நான் நினைத்ததாக எனக்கே பல மாதம் சொல்லிக்கொண்டேன். பொய். மச்சாள் போனைத் திருப்பி மாமியைக் காட்டினா. நான் பதினாறு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். மாமியின் மூக்கு கூர்ந்திருந்தது. மூச்சு நாலைந்து தரம் வேகமாய் வந்து, பிறகு நின்று, பிறகு திடுக்கிட்டாற்போல் திரும்ப வந்தது. அந்த மூச்சை எனக்குத் தெரியும். அங்கே அந்த மூச்சைக் கண்டால் நான்தான் ஓடிப்போய் அவர்களின் பிள்ளைகளுக்குப் போன் செய்வேன். "இப்பவே வாருங்கள், வேலை முடியட்டும் என்று பார்க்காதீர்கள்" என்று எத்தனை டெனிஷ்காரருக்குச் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

மாமி கண்ணைத் திறந்து பார்த்தா.

"ஆர், பெரியவனோ?"

"நான் மாமி."

"அவன் வரேல்லையோ? என்னிலை கோபமோ?"

"அவர் மேலை வேலையா நிக்கிறார் மாமி. இப்ப வந்திடுவார்."

மாமி கண்ணை மூடிக்கொண்டா. மச்சாள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினா. "அண்ணி, குடுங்கோவன்."

அடுக்களை யன்னலால் பார்த்தேன். மேலே பஞ்சு தெரிய அந்த முக்கோணம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. மூன்று பேரும் புதுப் பலகை பொருத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது சொன்னால் இவர் இறங்கிவிடுவார். இறங்கினால் ரிக்கற், பாஸ்போட், அழுகை. அந்த இடைவெளியில் மாமி போய்விட்டால் சாவுத் துடக்கு. முப்பத்தொரு நாள் வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது. தச்சண்ணையும் கையை உதறிவிட்டு இறங்கிவிடுவார், அவர் அப்படி முறை பார்க்கிற மனிதர். ஐந்து மணிக்கு மழை. திங்கள் சாரக்கட்டு போய்விடும். குளிர்காலம் முழுக்கத் திறந்த சுவர். இத்தனையும் என் தலைக்குள் ஓட எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? வெங்காயம் ஒன்று அரிகிற நேரம்கூட இல்லை.

"இறங்கேலாத இடத்திலை நிக்கிறார் மச்சாள். ஒரு மணித்தியாலத்திலை எடுக்கச் சொல்லுறன். சுவரும் முடிஞ்சிடும், அம்மாவுக்குக் காட்டிக் காட்டிக் கதைப்பார்" என்றேன்.

இறங்க முடியாத இடமாம். ஏணி சாத்தியிருந்தது. யன்னலைத் திறந்து "இஞ்சாருங்கோ" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் கீழே வந்திருப்பார்.

பன்னிரண்டரைக்குத் திரும்ப அடித்தது. கையில் தேங்காய்ப்பூ. கை சும்மா இருந்திருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன். அடித்து ஓய்ந்தது. குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. மச்சாள் அழுதழுது சொன்னா: "அண்ணி, அம்மா இப்ப கண்ணைத் திறக்கிறா இல்லை. அண்ணையின்ரை குரலையாவது கேக்கட்டும். நான் போனைக் காதிலை வைக்கிறன், ஒரு சொல்லு அம்மா எண்டு கூப்பிட்டாக் காணும், அது போதும்."

அதைக் கேட்டதும் தேங்காய்ப்பூக் கையைத் துடைத்தேன். போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். சத்தியமாய்ச் சொல்லத்தான் போனேன். சுவரடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். உக்கின பலகைக்குப் பதில் புதுப் பலகை ஏறியிருந்தது. துணியும் பாதி விரித்தாயிற்று. இவர் என்னைக் கண்டுவிட்டார். தலையெல்லாம் மரத்தூள். அந்த உயரத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "எப்பிடி இருக்கு?" என்று கையால் கேட்டார்.

"இன்னும் எட்டு வரிசைதான் தங்கச்சி!" என்று தச்சண்ணை கத்தினார்.

"கறி கொதிக்குது" என்று நானும் கத்தினேன். திரும்பி உள்ளே வந்துவிட்டேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் வந்தது என் வாயிலிருந்துதான்.

இரண்டு மணிக்கு ஒரு வரி வந்தது. அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா. வேறொன்றும் இல்லை.

போனைக் கவிழ்த்து வைத்தேன். சாமி விளக்கை அணைக்கவேண்டும் என்று நினைவு வந்தது; அணைத்தேன். அடுப்பில் இறைச்சிக் கறி வற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டியை அப்படியே குப்பையில் கொட்டியிருக்க வேண்டும். செத்தவீடு நடந்த குடும்பத்தில் அடுப்பே மூட்டமாட்டோம். இரண்டரைக்கு மூன்று பேரும் பசியோடு இறங்கி வந்தார்கள். இவர் கையைக் கழுவிவிட்டு மேசையில் இருந்தார். "நல்லாய் மணக்குது" என்றார். தாய் செத்து அரை மணித்தியாலம். நான் அவருடைய சோற்றுக் கோப்பையில் ஆட்டிறைச்சிக் கறி போட்டேன். இரண்டாம் தரமும் கேட்டார். இரண்டாம் தரமும் போட்டேன். எலும்பைத் தேடி எடுத்துப் போட்டேன், அவருக்கு எலும்பு பிடிக்கும் என்று. என் கைக்கு ஏன் வாதம் வரவில்லை?

இனி என்னத்தைச் சொல்வது, சாப்பாட்டுக்கு நடுவில் எப்படிச் சொல்வது, போன உயிர் போயிற்று, சுவராவது மிஞ்சட்டும். அப்படியெல்லாம் என் மனம் கணக்குப் போட்டது. அவர்கள் திரும்ப ஏறினார்கள். சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றும் என் உச்சியில் விழுந்தது. நாலே முக்காலுக்கு முகட்டடியில் கடைசிப் பலகை அடித்து, தம்பி மேலே நின்று விசிலடித்தான். சொன்ன நேரத்துக்கு மழை வந்தது. மேல்காற்றோடு சாய்ந்து வந்து சுவரில் அடித்தது. நான் மகளின் அறைக்கு ஓடிப்போய்ச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. எனக்கு அப்போது ஒரு சந்தோஷம் வந்தது. ஒரு கணந்தான், ஆனால் வந்தது. நான் எவ்வளவு கேவலமானவள் என்று எனக்குத் தெரிந்தது அந்தக் கணத்தில்தான்.

கீழே வந்து, "இப்பதான் மச்சாள் எடுத்தவ" என்று சொன்னேன். இப்பதான்.

இவர் மறுநாளே பறந்தார். உடலை வைத்திருந்தார்கள். மூத்த மகன், கொள்ளி வைத்தார். தங்கச்சி எல்லாவற்றையும் சொல்லியிருப்பா, வந்து என்னை உண்டு இல்லை என்று ஆக்கப் போகிறார் என்று இரண்டு கிழமையும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். மொட்டைத் தலையோடு வந்து இறங்கினார். ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் பேச்சு வரவரக் குறைந்தது. சாப்பாட்டுக்கு இரண்டு சொல், வேலைக்குப் போக ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமிக்குப் போன் எடுக்கிற நேரத்துக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடக்கப் போய்விடுவார். அம்மா போன கவலை என்று எல்லாரும் சொன்னார்கள்.

முப்பத்தோராம் நாளுக்கு இங்கேயும் நாலு பேருக்குச் சாப்பாடு கொடுத்தோம். தச்சண்ணை வந்திருந்தார். தனியாய் நின்ற நேரம் அவரிடம் ஒரு ஆறுதல் தேடினேன். "அண்டைக்கு நேரத்தோடை செய்தி வந்திருந்தா சுவர் என்னாகியிருக்கும் அண்ணை?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். சுவர் நாசமாய்ப் போயிருக்கும் என்று அவர் சொல்லவேண்டும், அதுதான் என் எதிர்பார்ப்பு.

"என்னாகும்? ஒண்டும் ஆகாது. என்ரை வானுக்குள்ளை மழைக்கு மூடுற ரெண்டு பெரிய தறப்பாள் கிடந்தது. இழுத்துக் கட்டியிருந்தா வசந்தம் வரைக்கும் தாங்கும். சாரக்கட்டை இன்னொருக்கா எடுத்தாப் போச்சு" என்றார். பாயாசத்தைக் குடித்தபடி சொன்னார்.

ஒரு தறப்பாள். அதைக் கேட்க எனக்கு நினைவு வரவில்லை. நினைவு வரவில்லையா, வரவிடவில்லையா என்று இன்னும் எனக்குள் வழக்கு நடக்கிறது.

அதற்குப் பிறகு வேலையிடத்தில் ஒரு காரியம் எனக்கு இயலாமல் போயிற்று. யாருக்காவது அந்த மூச்சு தொடங்கினால், பிள்ளைகளுக்குப் போன் செய்ய என்னால் முடியாது. எண்ணை அழுத்துவேன், "இப்பவே வாருங்கள்" என்கிற இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கூட வேலை செய்கிற டெனிஷ் பெண்ணிடம் போனைக் கொடுத்துவிட்டு, நான் போய்க் கட்டிலடியில் இருந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன். நான் நல்ல மனசுக்காரி என்று அவள் நினைக்கிறாள்.

மாமியின் ஆட்டத்திவசம், வருடம் முடிகிற திவசம், ஒரு ஞாயிறு வந்தது. ஐயரைக் கூப்பிட்டு எல்லாம் முறையாய்ச் செய்தோம். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பின்னேரம் மூன்று மணி இருக்கும். நான் ஏனம் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் வேட்டியைக்கூட மாற்றாமல் அடுக்களைக் கதிரையில் வந்து இருந்தார்.

"உனக்கு ஒண்டு சொல்லோணும். ஒரு வருசமாய் நெஞ்சுக்குள்ளை கிடக்கு."

தண்ணியை நிறுத்தினேன். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அண்டைக்குத் தங்கச்சி எனக்கு எடுத்தவள். பத்தே காலுக்கு. போன் பொக்கற்றுக்குள்ளைதான் கிடந்தது. எடுத்துப் பாத்தனான். பேரையும் பாத்தனான். பலகை ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். பிறகு எடுப்பம் எண்டு சத்தத்தை நிப்பாட்டி ஆணிப் பெட்டிக்குள்ளை போட்டிட்டன். அதை எடுத்திருந்தா அம்மாவோடை கதைச்சிருப்பன். தங்கச்சியின்ரை முகத்தைப் பாக்கேலாமல் அங்கை நிண்ட ரெண்டு கிழமையும் அந்தக் கதை வந்தாலே எழும்பிப் போயிடுவன். சுவர் எனக்குப் பெரிசாய்ப் போட்டுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். மயிர் வளர்ந்து நரைத்திருந்தது. நான் உண்மையைச் சொல்கிறேன்: முதலில் எனக்கு வந்தது ஒரு ஆறுதல். அப்பாடா, பாதிப் பழி அவருக்கு. அதற்கு அடுத்ததாய்த்தான் உறைத்தது. இந்த மனுசன் ஒரு வருடமாய் என் பாரத்தைத் தன்னுடையது என்று நினைத்துத் தூக்கித் திரிந்திருக்கிறது. நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்திருந்திருக்கிறேன்.

"எனக்கும் எடுத்தவ" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு எடுத்துப் பிடிபடாமல்தான் எனக்கு எடுத்தவ. பத்தரைக்கு. நான் எடுத்தனான். பிறகு பன்ரண்டரைக்கும் எடுத்தவ, நான் எடுக்கேல்லை. ரெண்டு மணிக்குச் செய்தி வந்தது. ஐஞ்சு மணிக்கு இல்லை, ரெண்டு மணிக்கு. உங்களுக்கு இறைச்சிக் கறி போடேக்கை எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அடிக்கட்டும் என்று நின்றேன். முப்பது வருடத்தில் கை நீட்டாத மனுசன், அன்றைக்கு நீட்டினால் நியாயம் என்று நின்றேன். சத்தமாவது போடுவார் என்று பார்த்தேன். அவர் மேசையில் இருந்த சோற்றுப் பருக்கை ஒன்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா உன்னோடை கதைச்சவவோ?"

"ஓம்."

"என்ன கேட்டவ?"

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவருடைய அம்மாவின் கடைசிச் சொல். அதை வைத்திருக்க எனக்கு என்ன உரிமை?

"பெரியவன் வரேல்லையோ, என்னிலை கோபமோ எண்டு கேட்டவ."

அவருடைய முகம் அப்படியே உடைந்து போயிற்று. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ என்ன சொன்னனீ? கோபம் இல்லையெண்டு சொன்னியோ?"

நான் சொல்லவில்லை. அவர் மேலே வேலையாய் நிற்கிறார் என்று மட்டும்தான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்ததே தவிர, அதற்கு ஒரு பதில் தேவை என்று படவில்லை.

"ஓம், சொன்னனான்" என்றேன். "உங்களிலை அவருக்கு என்ன கோபம் மாமி, உங்களைத்தானே எந்த நேரமும் நினைச்சுக்கொண்டிருக்கிறார் எண்டு சொன்னனான்."

"அம்மாவுக்கு விளங்கினதோ?"

"விளங்கினது. தலையாட்டினவ."

வேட்டித் தலைப்பை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மாமி போன பிறகு அவர் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். அழுது முடிய முகத்தைத் துடைத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

"அது காணும்" என்றார். "எனக்கு அது காணும்."